நிற்காமல் ஒரு சுற்று

அறுபதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி ஒன்றில் மூட்டைகளுக்கு வாய் தைக்கும் வேலையில் இருந்தேன். வயது இருபது இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் கவலை. மழை பெய்தால் சுவர் ஊறி விழுந்துவிடுமோ என்று கவலை. பெய்யாவிட்டால் கிணறு வற்றிவிடுமோ என்று கவலை. மண்டியில் முதலாளி சும்மா திரும்பிப் பார்த்தால்கூட வேலை போய்விட்டதாகவே நினைத்துக்கொள்வேன். இப்படிப்பட்டவனைத்தான் ஒரு நாள் என் அப்பா, மலையைச் சுற்றி ஓடச் சொன்னார். எனக்காக அல்ல, என் அக்காவுக்காக.

அக்காவின் கணவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவருக்கு இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். பிறகு ஒரு நாள் துண்டில் ரத்தம். காசநோய் என்று டாக்டர் சொல்லி, வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்போது அக்கா கர்ப்பமாக இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து பெண் குழந்தை பெற்றாள். மாமா படுக்கையில் கிடந்தபடியே செய்தி கேட்டுக்கொண்டார்.

ஊசி போட்டு, மருந்து கொடுத்து, சளியில் இனிமேல் ஒன்றும் இல்லை என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார்கள். ஆனால் ஊர் நம்பவில்லை. அவர் கடை சைக்கிளைத் தொடவே ஆட்கள் யோசித்தார்கள். என் அப்பாவும் நம்பவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய தம்பி அந்த நோயில்தான் போனார், அதுவும் அவர் மடியிலேயே. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. "கொணமாயிட்டுதுனு என் தம்பிக்கும்தான் சொன்னாங்க," என்பார்.  அக்காவையும் குழந்தையையும் அனுப்ப மாட்டேன் என்று உறுதியாக இருந்தார்.

மாமா தினமும் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வருவார். எங்கள் வீட்டு வாசலுக்கு வர மாட்டார். எதிர்ப்புறம் பூவரச மரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு மணி அடிப்பார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நிற்பாள். குழந்தை கையை ஆட்டும். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பேச்சு கிடையாது. தெருவில் போகிற வண்டிகள் நடுவே மறைத்துக்கொண்டு போகும். அந்தக் குழந்தையை அவர் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

அப்படி ஒரு சாயங்காலம், மாமா மரத்தடியிலிருந்தே அப்பாவுக்குக் குரல் கொடுத்தார்.

"மாமா, உங்களாண்டதான் பேசறேன். குடியரசு தினத்தன்னிக்கு பசங்க மலையைச் சுத்தி ஓட்டம் வெக்கிறாங்க. அதுல நான் முழுசா ஓடறேன். ஓடி முடிச்சா அனுப்புவீங்களா?"

அப்பா எழுந்து வாசலுக்கு வந்தார். தெருவில் நாலு பேர் நின்று கவனித்தார்கள்.

"மாரு கெட்டுப் போனவன் எட்டு மைலுக்கு மேல எப்படி ஓடுவ?"

"அதான் மாமா. ஓடினா, கெடலனு தெரிஞ்சிடும் இல்ல?"

அப்பா மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "நடுவுல நிக்கக் கூடாது, உக்காரக் கூடாது. எம்புள்ள கூட ஓடி வருவான். நின்னியா நிக்கலையானு அவன் வாய்ல நான் கேக்கணும்," என்றார்.

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "ஓட வெச்சுத்தான் ஒருத்தரைப் பாக்கணுமா நைனா? வழியில ஏதாவது ஆயிட்டா அப்ப இன்னா பண்ணுவீங்க?" அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கூட ஓடினால் எனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒரு கவலை. வழியில் அவர் செத்து விழுந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு கவலை.

ஓட்டத்துக்கு நாலைந்து மாதம் இருந்தது. விடிந்ததும் இருவரும் தேரடியில் சந்திப்போம். முதல் நாளே மாமா கையை நீட்டிக் காற்றுப் பார்த்தார். "காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ, நீ அந்தப் பக்கமா ஓடு மச்சான். என் மூச்சு உம்மேல படாது," என்றார். என் மனசில் இருந்ததை அவரே எடுத்துச் சொல்லிவிட்டதில் எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் அந்தப் பக்கமாகத்தான் ஓடினேன்.

வேறு ஊரில் ஓடிப் பழகுகிறவர்கள் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்துவிடலாம். எங்கள் ஊரில் அது முடியாது. மலையை வலமாகத்தான் வர வேண்டும், புறப்பட்டுவிட்டால் பாதியில் திரும்பக் கூடாது. அதனால் எவ்வளவு குறைவாக ஓடினாலும், மிச்சத்தை நடந்தே முடித்தாக வேண்டும். மலைப் பாதையில் எட்டுத் திசைக்கும் ஒரு லிங்கம் உண்டு, மாமா அதையே கணக்காக வைத்துக்கொண்டார். முதல் வாரம் அக்கினி லிங்கம் வரைக்கும் ஓட்டம், அப்புறம் முழு மலையும் நடை. பிறகு எம லிங்கம் வரைக்கும் ஓட்டம். பிறகு நிருதி லிங்கம். இப்படி ஒவ்வொரு திசை லிங்கமாக அவருடைய ஓட்டம் நீண்டுகொண்டே போக, நடை குறைந்துகொண்டே வந்தது. ஏதாவது ஒரு நாள் மூச்சு சரியில்லை என்றால், வெட்கப்படாமல் போன வாரத்து லிங்கத்துக்கே ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வார்.

லிங்கத்தைக் கும்பிடாமல் தாண்டுவது எங்களுக்கு ஆகாது. நின்று கும்பிட்டால் அப்பாவின் நிபந்தனை கெட்டுவிடும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு லிங்கத்தின் எதிரிலும் இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

நடந்து போகிற பெண்கள் சத்தம் போடுவார்கள். "மலை சுத்தறப்ப ஓடக் கூடாதுப்பா. நெறமாசக்காரி மாதிரி அடி வெச்சு நடக்கணும்."

"அப்படித்தாம்மா ஓடறேன்," என்பார் மாமா. அது பொய் இல்லை. அவர் ஓட்டம் அவ்வளவு நிதானமாக இருக்கும். பழக வந்த மற்ற வாலிபர்கள் எங்களைத் தாண்டும்போது, "இன்னா அண்ணே, ஓட்டமா, சாமி ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் கோபப்பட மாட்டார். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துக்கொண்டு தன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்று நெஞ்சுக்குள்ளேயே தெரிந்து வைத்திருந்தார்.

எனக்குத்தான் நிதானம் வரவில்லை. என் மாரில் ஒரு கோளாறும் இல்லை, மூட்டை தூக்கிய உடம்பு. ஆனால் பயத்தில் ஓடுவேன். பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் முதலிலேயே வேகமாகப் போய், பாதியில் நாக்குத் தள்ளி நிற்பேன். மாமா பின்னாலேயே வந்து, "ஓடறப்ப வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசிப் பாரு மச்சான். வந்தா சரி. வரலைன்னா வேகம் ஜாஸ்தி, கம்மி பண்ணு," என்பார். தலையை ஆட்டுவேன். மறுநாளும் அப்படியேதான் ஓடுவேன்.

ஓட்ட நாள் வந்தது. நல்ல பனி. தேரடியில் இருபது இருபத்தைந்து பேர் நிஜாரும் பனியனுமாக நின்றோம். எல்லோருக்கும் வெறுங்கால்தான். மாமா அருகில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். குடிக்க வைத்திருந்த பானையைப் பார்த்து ஒருவன் இன்னொருவன் காதில் ஏதோ சொன்னான். மாமா அதைக் கவனித்துவிட்டு, தூரத்தில் இருந்தே, "எனக்குத் தண்ணி வாணாம்ப்பா, நீங்க தாராளமா குடிங்க," என்றார். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு போட்டிருந்தார். அப்பா ஒரு ஓரத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா வரவில்லை.

விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். நானும் பாய்ந்தேன். மாமாவோடு ஓட வந்தவன் என்பதே மறந்துவிட்டது. சுற்றிலும் கால்கள் ஓடும்போது என் காலும் ஓடியது. அக்கினி லிங்கம் போனதே தெரியவில்லை. செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு வந்திருந்தவர்கள் நின்று கை தட்டினார்கள். அந்தத் தட்டலுக்கு இன்னும் வேகம் வந்தது. நிருதி லிங்கம் தாண்டி மலையின் பின்பக்கம் திரும்பியபோதுதான் ஆள் குறைந்து, என் நெஞ்சு அடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாமாவைக் காணோம். விழுந்துவிட்டாரோ? திரும்பிப் போகலாம் என்றால் மலையை இடப்பக்கமாகச் சுற்றுவதாகிவிடும். நிற்கலாம் என்றால் கால் நிற்க மாட்டேன் என்றது. என்ன செய்வதென்று தெரியாமல், என்ன ஆயிற்றோ ஏதாயிற்றோ என்று நினைத்தபடியே முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

அடி அண்ணாமலை வரும்போது விலாவில் கத்தி சொருகியதுபோல் பிடித்துக்கொண்டது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். வாந்தி வந்தது. கண் இருட்டியது. எல்லாம் போச்சு, சாட்சியே இங்கே விழுந்து கிடக்கிறது, இனி அக்கா வாழ்க்கை அவ்வளவுதான் என்று அழுதேன்.

அப்போது, காலையில் புறப்பட்ட அதே வேகத்தில், கூட்டாமல் குறைக்காமல், மாமா வந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் நிற்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த கல்லைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்.

"எந்திரி மச்சான்."

"முடியல மாமா. நீங்க போங்க."

"நான் மட்டும் போனா உங்க நைனா நம்புவாரா? எந்திரி."

"செத்துருவேன் போலக்குது."

"செத்துப் போறவங்களை நான் பக்கத்துக் கட்டில்ல பாத்திருக்கேன். நீ அப்படி இல்ல. எந்திரி. நான் நிக்கவும் முடியாது, உன்னை வுட்டுட்டுப் போவவும் முடியாது."

சொல்லிக்கொண்டே சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னாய்யா இது, அவ்ளோ பெரிய மலை இருக்குது, அதை வுட்டுட்டு இந்த ஆளைச் சுத்திக்கினு இருக்க?" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது விலாப்பிடிப்பு கொஞ்சம் விட்டது. கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"மெதுவா வா. பேசிக்கினே வா," என்றார் மாமா.

"இன்னா பேசறது?"

அவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். பிறகு, "பாப்பா வூட்ல இன்னா பண்ணுவா, அதைச் சொல்லு," என்றார்.

சொன்னேன். சுவரில் இருக்கிற சுண்ணாம்பை நக்கி அக்காவிடம் அடி வாங்குவதைச் சொன்னேன். கோழிக்குஞ்சைத் துரத்திப் போய் வாய்க்காலில் விழுந்ததைச் சொன்னேன். மூச்சு முட்டி வார்த்தை நின்றால் அவர் வேகத்தைக் குறைப்பார், நானும் குறைப்பேன். பேச்சு திரும்பவும் வரும். தூங்கும்போது பாப்பா அக்கா தலைமுடியை ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள் என்றேன். "எந்தக் கையில?" என்று கேட்டார். இடது கை என்றேன். "நானும் இடது கைக்காரன்தான்," என்றார். ஓடிக்கொண்டே முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் நான் நினைத்தேன்.

வாயு லிங்கத்தில் இருந்த இடத்திலேயே மிதித்துக் கும்பிட்டோம். குபேர லிங்கத்தை நெருங்கும்போது அவருக்கு இருமல் வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு அடுக்கடுக்காக. துண்டை வாயில் வைத்துக்கொண்டார். கால் நிற்கவில்லை, ஆனால் உடம்பு வளைந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. இருமல் ஓய்ந்ததும் துண்டை எடுத்து அவர் முதலில் பார்த்தார். பிறகு விரித்து என்னிடம் காட்டினார். "நல்லா பாரு மச்சான். எனக்காகப் பாக்காத, உனக்காகப் பாரு." வெள்ளைத் துண்டில் எச்சில் ஈரம் மட்டும்தான் இருந்தது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

கடைசியாக ஈசானிய லிங்கம். பக்கத்திலேயே சுடுகாடு. அன்றைக்கு ஒரு சிதை எரிந்து அடங்கிக்கொண்டிருந்தது. புகை சாலைக்குக் குறுக்கே வந்தது. மாமா புகைக்குள் ஓடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும், "இங்க என்னைத் தூக்கினு வருவாங்கனு ஊரே சொல்லிச்சு. என் காலாலேயே தாண்டிட்டேன் பாரு," என்றார். அந்தச் சொல்லில் பெருமை இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது.

தேரடிக்கு வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. ஜெயித்தவர்களுக்கு மாலை போட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா மட்டும் அதே இடத்தில் நின்றிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டார்.

"நின்னாரா?"

"நிக்கல நைனா. நான்தான் நின்னேன். எனக்காகவும் அவரு நிக்கல."

அப்பா மாமாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருமல் வருமா என்று காத்திருக்கிறார் என்பது புரிந்தது. மாமாவும் அதைத் தெரிந்துகொண்டு அசையாமல் நின்றார். மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. வேறொன்றும் வரவில்லை. தம்பி போன நாளிலிருந்து அப்பா முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அப்போது தளர்ந்ததைப் பார்த்தேன்.

"வூட்டுக்கு வாங்க மாப்ள," என்றார்.

மாமா தெருவைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்தார். அக்கா ஓடிவந்தாள், இடுப்பில் குழந்தை.  அப்பா பின்னால் நிற்பதைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி மாமாவிடம் நீட்டினாள்.

மாமா ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

 அக்காவின் கைகள் நீட்டியபடியே இருந்தன. மாமா தலையை அசைத்தார். துண்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "வாணாம். இன்னும் கொஞ்ச நாள் போவட்டும். டாக்டர் சொன்னாரு, நானும் ஓடிட்டேன், எல்லாம் சரிதான். ஆனா, ஒருவேளை..."  அத்தனை மாதமாக என் பயத்துக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு வந்த மனிதர் இப்போது தானே பயந்து நின்றார்.

அப்பாதான் முன்னால் வந்தார். அக்காவின் கையிலிருந்து குழந்தையை வாங்கினார். மாமாவுக்கு மிக அருகில் போய் நின்றார். அவ்வளவு அருகில் அவர் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பயமா இருந்தா மூஞ்சை அந்தப் பக்கம் திருப்பிக்குங்க மாப்ள. கொழந்தையை மட்டும் கீழ வுட்டுடாதீங்க," என்று சொல்லி அவர் கையில் வைத்தார்.

மாமா முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, தன் மகளை முதல்முறையாகத் தூக்கினார். குழந்தைக்கு அது பிடிக்கவில்லை. அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. அவர் திரும்ப மறுத்தார். அது விடவில்லை. கடைசியில் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை நான் எழுத முடியாது.

அந்த வாரமே அக்கா தன் வீட்டுக்குப் போனாள். மாமா அதன்பின் நெடுங்காலம் நல்லபடியாக இருந்தார், நோய் திரும்பவே இல்லை. நான் இன்றைக்கும் கவலைப்படுகிறவன்தான். அது என்னோடு பிறந்தது, என்னோடுதான் போகும். ஆனால் யாராவது என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் முன்போல் சுருங்கிப்போவதில்லை. அப்பா மாமாவைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்த பயமும், அத்தனை பாடுபட்டு ஓடி வந்தவர் வாசலில் பின்வாங்கிய பயமும், அந்த ஒரே குழந்தைக்காகத்தான் என்று அன்று கண்ணால் பார்த்தேன். அவர் மலையைச் சுற்றி ஓடியதைவிட, பின்னால் எடுத்து வைத்த அந்த ஓர் அடிதான் இன்றுவரை என் மனசில் பெரிதாக நிற்கிறது.